மாதனின் நாலு டயரும் ஒரு பாலைவனமும்

இது நூற்றுக்கு நூறு நடந்த சங்கதி. கச்சிராயபாளையத்தில் நிற்கிற என் ஜீப்பின் ஸ்டியரிங்கைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன். ஸ்டியரிங் எனக்குச் சோறு போடுகிறது. அதைத் தொட்டுப் பொய் சொன்னால் வெள்ளிமலை ஏறும்போது பிரேக் பிடிக்காது.

பிரேக் பிடிக்காவிட்டால் உங்களுக்கும் ஆபத்துதான். அதனால் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முக்கால்வாசி நடந்தது. மீதி, இட்லி மாவு பொங்குகிற மாதிரி, சொல்லச் சொல்லத் தானாகப் பொங்கிவிட்டது. மாவு பொங்கியதற்கு யாராவது குண்டானைத் திட்டுவார்களா?

வண்டி நிறைய இன்னும் ஆள் சேர வேண்டும். பின்னால் மடியில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் ராணியம்மாள். நான் சொல்லப்போகும் மாதனின் மனைவி. அவளுக்கு எதிரே குடையைத் துப்பாக்கி மாதிரி பிடித்திருப்பது வடக்கனந்தல் ஆயம்மாள். இதில் வரப்போகும் செல்லமுத்துவின் கூடப் பிறந்த தங்கை. மலைக்குப் புளி வாங்கப் போகிறாள். இரண்டு பேரும் ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைச் சிரித்துச் சிரித்துத் தின்கிறார்கள். நல்லது, தின்னட்டும். முன்சீட்டில் இருப்பவர் சுப்புராயன். "எப்பப்பா வண்டிய எடுப்ப?" என்று கேட்டுக்கொண்டே பிறந்தவர்.

மாதன் வெள்ளிமலைப் பக்கம் சாமை விதைக்கிற வீட்டுப் பிள்ளை. அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தோம். ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் எங்களைப் பொறுத்துக்கொண்டது. அதன்பிறகு அவன் ஜீப் ஓட்டப் போனான். நடக்கக் கற்ற மறுநாளே ஓட்டவும் கற்றுக்கொண்டான்.

"எங்க வூட்டுக்காரு நடக்கவே மூணு வருசம் ஆச்சின்னு எங்க மாமியா சொல்லும்" என்றாள் ராணியம்மாள்.

பார்த்தீர்களா, நான் பெருக்கினால் இவள் குறைக்கிறாள். கணக்கு சரியாகிவிடும்.

மாதன் ஜீப்பில் ஆள் ஏற்றுகிற அழகே தனி. ஒரு கல்யாணத்தையே ஒரே நடையில் ஏற்றுவான். பெண் உள்ளே, மாப்பிள்ளை பின்னால் தொங்குவான், தவில்காரர் கூரைமேல், பந்திக்கான பூசணிக்காய் எல்லாருடைய மடியிலும். அப்படி ஏற்றுவதால் அவனுக்கு மூன்று சட்டங்கள் உண்டு. வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி நின்றால் பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு நல்ல கல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டயர் கல்லு மாதிரி இருக்க வேண்டும். விடிந்ததும் நாலு டயரையும் உதைத்துப் பார்ப்பான். கால் வலித்தால்தான் அவனுக்குத் திருப்தி. காற்று கம்மியான டயரைக் கண்டால், சட்டை போடாத ஆளைக் கல்யாண வீட்டில் பார்த்த மாதிரி முகம் சுளிப்பான்.

சொந்தமாக ஒரு ஜீப் வாங்க வேண்டும் என்று துபாய்ப் பக்கம் போனான். துணி, மிளகாய்ப் பொடி, சாமை அரிசி எல்லாம் பையில் கட்டினான். அடியில் அந்த முட்டுக் கல்லையும் வைத்துக் கட்டினான்.

விமான நிலையத்தில் பையைப் பிரித்த அதிகாரி கல்லைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"கல்லுங்க சார்."

"கல்லுன்னு தெரியுது. எதுக்கு?"

"போற எடத்துல வண்டி பின்னால உருண்டா, சார்?"

அவர் கல்லைப் பையிலேயே திருப்பி வைத்துவிட்டார். அவரும் ஏதோ மலைப்பக்கத்துக்காரராக இருந்திருக்க வேண்டும்.

போன இடத்தில், பாலைவனத்தைச் சுற்றிக் காட்டுகிற ஒரு டூர் கம்பெனி. டிரைவர் வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அங்கே போனதும் மேனேஜர், நெஞ்சு வரைக்கும் தாடி வைத்த மனிதர், மாதன் கையில் ஒரு தண்ணீர்க் குழாயைக் கொடுத்தார். வண்டி கழுவு. லைசென்ஸ் எடுத்தான், அப்போதும் வண்டி கழுவு. காலையில் வண்டிகள் பளபளவென்று போகும், சாயங்காலம் மணலில் புரண்ட கழுதை மாதிரி வரும். மாதன் மறுபடியும் கழுவுவான். வருஷம் மாறியது, குழாய் மாறியது, வேலை மாறவில்லை.

வீட்டுக்கு மட்டும் போனில் வேறு மாதிரி சொல்லியிருந்தான். "நான்தான் இங்க மெயின் டிரைவரு. நான் இல்லன்னா பாலைவனமே தொறக்காது" என்று.

ராணியம்மாள் கடலையை வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினாள். "அப்ப அந்த நாள்ல வண்டி கழுவிக்கினா இருந்தாரு? நான் மலை பூரா டிரைவரு டிரைவருன்னு சொல்லி வெச்சிருந்தேனே!"

"கழுவறதும் வண்டி வேலதானே, ராணிம்மா. கேளு, இனிமேதான் இருக்குது."

ஒருநாள் கம்பெனி டிரைவர்கள் எல்லாருக்கும் ஏதோ விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். எந்த வரிசை என்று நான் சொல்ல மாட்டேன். மேனேஜர் வேறு வழியில்லாமல் மாதனைக் கூப்பிட்டார். "ஒரே ஒரு குடும்பம். மணல் மேட்டைச் சுத்திக் காட்டிட்டு பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வா. அவங்க நல்லா சொன்னா நாளையிலேர்ந்து டிரைவர் சீட்டு உனக்கு. ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா, ஊருக்குப் போற பஸ்ஸு உனக்கு." பாலைவனத்திலிருந்து நம் ஊருக்குப் பஸ் இல்லைதான். ஆனால் மாதனுக்குப் புரிந்துவிட்டது.

மாதன் வண்டியைத் துடைத்தான். சாமி கும்பிட்டான். டயரை உதைத்தான். கால் வலிக்கவில்லை! நாலு டயரும் மெத்து மெத்தென்று இருந்தன.

அங்கே மணலில் இறங்கும் வண்டிக்குக் காற்றைக் குறைத்துத்தான் வைப்பார்களாம். டயர் பரந்து மணல்மேல் மிதக்குமாம். மாதன் அதைத் தினமும் பார்த்திருக்கிறான். ஆனால் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "சோம்பேறிப் பசங்க, காத்து புடிக்கக்கூட முடியல. இந்த லட்சணத்துல இவனுங்க டிரைவருங்க" என்று தினமும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன், தன் முதல் நடைக்கு வண்டியைச் சரியாகத்தானே எடுப்பான்? நாலு டயருக்கும் கும்மென்று காற்று அடித்தான். உதைத்தான். கட்டைவிரல் வீங்கியது. ஆஹா என்றான்.

ஓட்டல் வாசலில் குடும்பம் நின்றது. வேட்டியில் ஒரு பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள். மகன் அந்த ஊரில் கணக்கு வேலை பார்க்கிற வெங்கடேசன். அப்பா அம்மாவை ஊர் சுற்றிக் காட்ட வரவழைத்திருந்தான். மருமகள் தேவதர்ஷினி கையில் போன். எதைக் கண்டாலும் "ஹாய் ப்ரெண்ட்ஸ்" என்று வீடியோ எடுப்பாள். செருப்பு அறுந்தாலும் ப்ரெண்ட்ஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் குனிவாள்.

அம்மா வண்டியின் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னாங்க இது, மெத்த வூட்டு சோபா கணக்கா இருக்குது."

மாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த 'இன்னாங்க'வைக் கேட்டு எத்தனை காலம்! "யம்மா, நீங்க எந்தப் பக்கம்?"

"வடக்கனந்தலுப்பா. நீ?"

"வெள்ளிமலைங்கம்மா! மாதன்!"

அம்மா பாப்பாத்தி பூரித்துப் போனாள். ஆனால் பெரியவர் செல்லமுத்து, கரும்பும் நெல்லும் வைக்கிற ஆள், முகத்தை இறுக்கிக்கொண்டார். காரணம் இருந்தது. ஒருமுறை மலையில் புளி வாங்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு ஜீப் டிரைவர், "ஐயா, ஒரு டீ குடிச்சிட்டு தோ வந்துடறேன்" என்று போனவன், அப்படியே போய்விட்டான். செல்லமுத்து புளி மூட்டைமேல் உட்கார்ந்தபடி, பொழுது போகும்வரை பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மலை டிரைவர் என்றாலே அவருக்குப் பல் கூசும்.

"அது நீயாடா?" என்று நேராகவே கேட்டார்.

"இல்லீங்கய்யா. நான் டீயே குடிக்க மாட்டேன். காப்பிதான்."

பாப்பாத்தி பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். வண்டி நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. மாதனின் கல்லும் அவன் காலடியில் இருந்தது.

மணல் மேடு வந்தது. ஒவ்வொரு மேடும் நம் மலை உயரம். மணலில் அப்பளத்தைப் போட்டால் பொரியும். நெய் ஊற்றினால் பாலைவனமே மணக்கும், அவ்வளவு சூடு. மாதன் மேட்டுக்கு மேடு ஆரன் அடித்தான். ஏறும்போது அடித்தான், இறங்கும்போது அடித்தான், திரும்பும்போது நீளமாக அடித்தான்.

வெங்கடேசன் பொறுக்க முடியாமல் கேட்டான். "அண்ணே, இங்கதான் ஆளே இல்லியே, யாருக்கு ஆரன் அடிச்சிக்கினே வர்றீங்க?"

"எதுர்ல பஸ்ஸு வந்தா இன்னா பண்றது?"

"பாலைவனத்துலயா?"

"கவர்மெண்டு பஸ்ஸு எங்க வேணாலும் வரும் தம்பி."

தூரத்தில் படுத்திருந்த ஒட்டகம் ஒன்று எழுந்து ஒதுங்கி நின்றது. ஆரனுக்கு மரியாதை கொடுத்த ஒரே ஜீவன் அதுதான். "ஹாய் ப்ரெண்ட்ஸ், நம்ம மலை டிரைவருக்கு ஒட்டகமே வழி விடுது பாருங்க" என்று மருமகள் எடுத்த வீடியோ இன்றைக்கும் வடக்கனந்தலில் ஓடுகிறது.

அடுத்த மேட்டின் பாதியில் வண்டி உறுமியது. சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. மாதன் இன்னும் மிதித்தான். வண்டி அழகாகக் கீழே இறங்கி, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டது. மணல் கதவு வரை வந்துவிட்டது.

மாதன் குதித்து இறங்கி, ஊரிலிருந்து சுமந்து வந்த கல்லைப் பின்சக்கரத்துக்கு வைத்தான். கல் மெதுவாக மணலுக்குள் போய், காணாமல் போனது. மாதன் அது போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் எறங்கி பின்னால தொங்குங்க! கனம் வந்தா புடிச்சிக்கும்!" என்றான். மலையில் சேற்றில் மாட்டினால் அப்படித்தானே செய்வோம். செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்கினார், வெங்கடேசன் தொங்கினான், பாப்பாத்தி "ஐயோ என் முட்டி" என்று சொல்லிக்கொண்டே தொங்கினாள். மருமகள் ஒரு கையில் தொங்கி மறுகையில் வீடியோ எடுத்தாள். வண்டி இன்னும் ஒரு சாண் உள்ளே போனது.

பொழுது மேற்கே இறங்க ஆரம்பித்தது. போனில் சிக்னல் இல்லை. மாதன் கணக்குப் போட்டான். சீட்டு போச்சு. இத்தனை நாள் மெயின் டிரைவர் என்று பெண்டாட்டியிடம் சொன்னதும் போச்சு. மேட்டின் உச்சிக்கு ஏறிப் பார்த்தால் வேறு வண்டி ஏதாவது தெரியும் என்று நினைத்தான்.

"ஐயா, தோ அந்த மேட்டு மேல ஏறிப் பாத்துட்டு வந்துடறேன்."

செல்லமுத்துவின் காதில் பழைய புளி மூட்டை விழுந்தது. "அன்னைக்கி டீ குடிக்கப் போனவனும் இதேதாண்டா சொன்னான்! தோ வந்துடறேன்னு!"

"ஐயா, நான் எங்கங்க போவேன்? சுத்தியும் மணலு!"

"மணலோ மலையோ, உங்க ஆளுங்களுக்கு எறங்கி ஓட வழி தெரியும்டா!"

மாதன் மேட்டில் ஏறினான். அவன் தலை மறைந்ததும் செல்லமுத்துவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வடக்கனந்தலில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் வரப்புமேல் எவனாவது வண்டி ஏற்றினால், அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். டிராக்டரானாலும் சரி, லாரியானாலும் சரி. பாப்பாத்தியின் தாலிக் கயிற்றில் தொங்கிய ஊக்கை வாங்கினார். ஒவ்வொரு டயராக உட்கார்ந்து, மணலைக் கையால் தோண்டி, மூடியைத் திருகி, ஊக்கால் குத்தினார். புஸ்ஸ்ஸ்.

"மாமா, வண்டியே மாட்டிக்கினு இருக்குது. இத எடுத்துக்கினு அவரு எப்படி ஓடுவாரு?" என்று கேட்டாள் மருமகள்.

"ஓடறானோ இல்லியோ, கோவம் வந்தா காத்தப் புடுங்கணும். அவ்ளோதான்."

"ஏங்க, புடுங்கறது புடுங்கறீங்க, சட்டுனு புடுங்குங்க. அது என் தாலி ஊக்கு" என்றாள் பாப்பாத்தி.

நாலாவது டயரில் பாதிக் காற்று போவதற்குள் மாதன் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டான். ஒரு வண்டியும் தெரியவில்லை. வந்தவன் டயர்களைப் பார்த்தான். நாலும் பிதுங்கிப்போய், கூழ் குடித்த வயிறு மாதிரி மணலில் கிடந்தன. வாழ்க்கையில் காற்று கம்மியான டயரை ஓட்டாத மாதன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா... நீங்க என் கழுத்தப் புடிச்சி நெரிச்சிருக்கலாம். டயர இன்னாத்துக்குங்க தொட்டீங்க? இன்னைக்கி நீங்க நல்லா சொன்னாதான் எனக்கு சீட்டு. இல்லன்னா நாளைக்கி ஊரு. வண்டி கழுவிக்கினு கெடந்தவன நம்பி இன்னைக்கிதான் குடுத்தாங்க."

செல்லமுத்துவின் கை ஊக்கோடு நின்றது. அவன் திரும்பி வருவான் என்று அவர் நினைக்கவே இல்லை. திரும்பி வந்த டிரைவரை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"எழுந்திருப்பா" என்றார், குரல் இறங்கி. "ஒரு தடவ முடுக்கித்தான் பாரேன்."

"காத்தில்லாத வண்டியவா?"

"சும்மா ஒக்காந்துக்கினு அழறதுக்கு முடுக்கினா இன்னா?"

மாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, பேருக்கு மிதித்தான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அப்புறம், சேற்றிலிருந்து எருமை எழுந்து வருகிற மாதிரி, சாவகாசமாக வெளியே வந்தது. வந்ததோடு விட்டதா? மேட்டில் கிடுகிடுவென ஏறி உச்சியில் போய் நின்றது. கீழே நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பெருக்கவில்லை, இது அப்படியே நடந்தது.

மேலே மாதன் கதவைத் திறந்து எட்டி டயரைப் பார்த்தான். பரந்து கிடந்தது. தினமும் சோம்பேறிப் பசங்க என்று திட்டினானே, அந்த டயர்கள் அப்படியே ஞாபகத்துக்கு வந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டான்.

செல்லமுத்துவுக்குப் புரியவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தவர் மாதனின் தோளைப் பிடித்துக்கொண்டார். "டேய் தம்பி, நாலு டயர்லயும் காத்தில்ல. நானே புடுங்கினேன். அத ஏத்திட்டியேடா!"

பாப்பாத்தி மட்டும் கீழேயே குனிந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நம்ம ஊருக் கல்லு. அத இங்க அனாதயா வுட்டுட்டு வர்றதா?" என்று தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

கம்பெனிக்குத் திரும்பும்போது பொழுது நூல் அளவு பாக்கி இருந்தது. தாடி மேனேஜர் முதலில் டயரைப் பார்த்தார். பக்குவமாகக் காற்று குறைத்திருந்தது. இவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறதே என்று தலையாட்டினார். பிறகு குடும்பத்தைப் பார்த்து, டிரைவர் எப்படி என்று கேட்டார்.

 செல்லமுத்து முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் பையன் மேட்டுக்கு மேடு ஆரன் அடிச்சி என் காத செவுடாக்கிட்டான். நடு மணல்ல எறக்கி வுட்டு எங்கள வண்டி பின்னால தொங்க வெச்சான். என் பொண்டாட்டி முட்டி போச்சி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. போறேன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்தான். காத்தில்லாத வண்டிய மலையேத்தினான். இவன வுட்டா உனுக்கு வேற எவன்யா கெடைப்பான்?"

மேனேஜர் வெங்கடேசனைப் பார்த்தார். வெங்கடேசன் அத்தனையையும் மொழிபெயர்த்தான். "குட் டிரைவர்."

மறுநாளிலிருந்து சீட்டு மாதனுக்கு. இன்றைக்கும் அங்கே அவன்தான் ஓட்டுகிறான். லீவில் வரும்போதெல்லாம் வடக்கனந்தலில் இறங்கி, செல்லமுத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறான். காற்றில்லாமல் ஓட்டுகிற டிரைவர் என்று செல்லமுத்து ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். டயர் விஷயம் மாதன் என்னிடம் மட்டும் சொன்னது. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

ஆயம்மாள் குடையைத் தரையில் ஊன்றினாள். "அப்ப வண்டிய வெளிய எடுத்தது எங்க அண்ணன்தான்!"

"இன்னாக்கா சொல்றீங்க?" ராணியம்மாள் அரிசிப் பையை இறக்கி வைத்தாள். "ஓட்டினது யாரு?"

"ஓட்டி இன்னா பிரயோஜனம்? எங்கண்ணன் காத்தப் புடுங்கலன்னா உன் வூட்டுக்காரு இன்னும் அங்க ஆரன் அடிச்சிக்கினு இருப்பாரு!"

"உங்கண்ணன் தெரிஞ்சா புடுங்கினாரு? ஆத்தரத்துல புடுங்கினாரு! வெவரம் தெரிஞ்சிக்கினு வாய மூடிக்கினு இருந்தாரு பாரு, அதான் டிரைவரு!"

"ஓ, எங்கண்ணன ஏமாத்தி சோறு துன்னது பெரும வேறயா? இரு, இப்பவே போன் போட்டு சொல்றேன்." ஆயம்மாள் போனை எடுத்தாள்.

"தாராளமா சொல்லுங்க! சொல்லிட்டு எங்க கல்ல திருப்பி அனுப்பச் சொல்லுங்க! இன்னும் உங்க அண்ணி தண்ணி டிரம்முக்கு அதத்தான் முட்டு குடுத்து வெச்சிருக்குது!"

"மணல்ல தோண்டி எடுத்தது எங்க அண்ணி! தோண்டினவங்களுதுதான் கல்லு!"

"அப்ப வண்டிய வெளிய எடுத்தவருதுதான் சீட்டு!"

"எடுத்தது எங்க அண்ணங்கறேன்!"

வேர்க்கடலைப் பொட்டலத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தன் தன் பக்கம் இழுத்தார்கள். கடலை ஜீப் முழுக்கச் சிதறியது. சுப்புராயன் சட்டைப் பைக்குள்ளும் போனது.

"ஆளும் சேந்துடுச்சி, எப்பப்பா வண்டிய எடுப்ப?" என்றார் சுப்புராயன்.

"நீங்க சொல்லுங்க பெரியவரே, வண்டிய எடுத்தது யாரு?" என்று இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் அவசரமாகக் கதவைத் திறந்து இறங்கினார். ஆயம்மாளின் போனில் மணி போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, நான்தான், கேளு இந்த அநியாயத்த..."

"ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் பேசணும்!" என்று ராணியம்மாள் போனைப் பிடிக்க எட்டினாள். குடை உயர்ந்தது. நான் ஆரனை அழுத்தினேன், யாரும் ஒதுங்கவில்லை.